கோபால்ட் போடாத குழாய்

ஜனவரி 5

ஆய்வேட்டுக்கு இரண்டு தேர்வாளர்களின் அறிக்கையும் வந்துவிட்டது. நல்லசிவன் சார் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டிலும் பாராட்டு. "மார்ச்ல வைவா வச்சிடலாம் கோமதி. ஜெர்மனி வேலைக்குத் துணிமணி எடுக்க ஆரம்பிச்சிடு," என்றார். என் நெறியாளர் இப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு தேர்வாளர் மட்டும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். வினையூக்கியான கோபால்ட்டை மட்டும் விட்டுவிட்டு, மற்றதெல்லாம் போட்டு வினையை நடத்திப் பார்த்தீர்களா என்று. இதழில் வந்த எங்கள் கட்டுரையில் 'வினையூக்கி இல்லாமல் விளைபொருள் இல்லை' என்று இருக்கிறது. ஆனால் அன்று கோபால்ட்டோடு காரத்தையும் சேர்த்து விட்டுவிட்டோம். கோபால்ட்டைத் தட்டி எழுப்பத்தானே அந்தக் காரம், கோபால்ட்டே இல்லாதபோது அது எதற்கு என்று நினைத்தோம். அரைநாள் வேலைதான். செய்து ஒரு வரி எழுதிப் போட்டுவிடலாம்.

சாயங்காலம் அம்மாவிடம் போனில் சொன்னேன். "அப்படி என்னத்தத்தான்டி கண்டுபிடிச்செ? இன்னொரு தடவ சொல்லு, பக்கத்து வீட்டுல கேக்காங்க," என்றாள். எண்ணெய் மாதிரி ஆல்க்கீன் என்று ஒரு பொருள், அதில் போரானை ஒட்டவைத்தால் பிறகு அதிலிருந்து மருந்து வரைக்கும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், தானாக ஒட்டாது, ஓர் உலோகம் வேண்டும், மற்றவர்கள் தங்கம் மாதிரி விலை விற்கும் ரோடியத்தைப் போடுகிறார்கள், நான் மலிவான கோபால்ட்டைப் போட்டு ஒட்டவைத்தேன் என்று சொன்னேன். "சங்கரன்கோவில் பிள்ளைல்லா, சிக்கனமாத்தான் இருக்கும்," என்றாள்.

ஜனவரி 8

காலையில் கோபால்ட் போடாத அந்தச் சோதனைக் குழாயை வைத்தேன். குழாய் சுத்தமாக இல்லைபோல. கழுவிப் போட்டுவிட்டேன்.

விடுதியில் தண்ணீர் வரவில்லை. துவைக்க ஊறவைத்தது அப்படியே இருக்கிறது.

ஜனவரி 12

கலக்கும் காந்தத் துண்டில் பழைய கோபால்ட் ஒட்டிக்கொண்டிருக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. அதனால் இன்று புதுப் பொட்டலம் பிரித்தேன். குழாயும் புதிது. காரமும் புது பாட்டில். காற்றுப் புகாத க்ளவ் பாக்ஸுக்குள் கை விட்டபடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். மத்தியானம் மெஸ்ஸில் வத்தக்குழம்பு. குழாயில் என்ன உருவாகியிருக்கிறது என்று காட்டும் என்.எம்.ஆர். கருவி அறையில் யாரும் இல்லை, நானே மாதிரியை உள்ளே இறக்கினேன். பார்த்தேன். திரையை மூடினேன்.

ஜுமானா அங்கே வந்துவிட்டாள். "என்னக்கா, உங்களுக்கு இன்னும் என்ன ரன்? எல்லாந்தான் முடிஞ்சிட்டே!" என்றாள். சும்மா பார்த்தேன் என்றேன்.

ஜுமானா எனக்கு அடுத்து இந்த ஆய்வகத்தில் சேர்ந்தவள். மேலப்பாளையத்துக்காரி. இரண்டு பேருக்கும் ஒரே பக்கம் என்பதால் லீவுக்கு ஒரே ரயிலில்தான் போவோம். என் வினையூக்கியை எடுத்து, அதில் கோபால்ட்டைப் பிடித்திருக்கும் லிகண்டை மாற்றி, போரானை ஆல்க்கீனின் மறுமுனையில் ஒட்டவைப்பதுதான் அவள் ஆய்வு. முழுக்க முழுக்க என் கட்டுரையின் மேல் நிற்கிறது.

ஜனவரி 14

பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. அம்மாவிடம் வேலை இருக்கிறது என்றேன். வேலை இல்லை.

ஜனவரி 19

தேர்வாளருக்குப் பதில் போய்விட்டது. ஒரு வரிதான்: 'கோபால்ட் இல்லாமல் விளைபொருள் உருவாகவில்லை.' சார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "பண்ணிட்டேல்ல?" என்று மட்டும் கேட்டார். பண்ணிவிட்டேன் என்றேன். அது உண்மைதான்.

பிப்ரவரி 3

ஜுமானாவுக்கு இன்றும் எதுவும் வரவில்லை. போட்ட ஆல்க்கீன் போட்டபடியே திரும்பி வருகிறது. அவளுடைய லிகண்ட் என் காரத்தைத் தாங்காது, சிதைந்துவிடும். அதனால் அவள் வேறொரு மென்மையான பொருளைப் பயன்படுத்துகிறாள். மற்றபடி எல்லாம் நான் செய்த மாதிரியே செய்கிறாள், என்னைவிடச் சுத்தமாகவே செய்கிறாள்.

சார் எல்லார் முன்னாலும் சொன்னார். "கோமதி பண்ணினா தொண்ணூறு பர்சென்ட் வருது. உனக்கு ஏன் ஒண்ணுமே வரல? கெமிஸ்ட்ரி ஆளுக்கு ஆள் மாறாதும்மா. கைதான் மாறும்."

பிறகு அவள் என் மேஜைக்கு வந்தாள். "அக்கா, நான் எங்கயோ தப்பு பண்ணுதேன். என்னன்னு தெரியல. நீங்க பண்ணும்போது ஏதாவது தனியா பாத்தீங்களா?"

"டொலுயீன்ல ஈரம் இருக்கும். நல்லா காய வச்சு எடு," என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. கரைப்பானை யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம், அதனால் யாருக்கும் எதுவும் ஆகாது.

பிப்ரவரி 10

ஜுமானா டொலுயீனைச் சோடியம் போட்டுக் காய்ச்சி வடிக்கிறாள். குடுவையில் நல்ல நீலம் வந்திருந்தது. ஈரம் துளிகூட இல்லை என்று அர்த்தம். பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினாள்.

நைட்ரஜன் சிலிண்டர் மாற்றினேன். விசாவுக்குப் புகைப்படம் எடுத்தேன். கண் வீங்கியிருக்கிறது, வேறு எடுக்க வேண்டும்.

பிப்ரவரி 17

இங்கே எழுதாமல் இருந்தால் இல்லாமல் போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

ஜனவரி எட்டாம் தேதி வைத்த குழாயில் விளைபொருள் வந்தது. பன்னிரண்டாம் தேதிக் குழாயிலும் வந்தது. கோபால்ட் போட்டால் எவ்வளவு வருமோ அவ்வளவும். காரம் போரான் பொருளைக் கொஞ்சம் உடைக்கிறது. அதிலிருந்து போரேன் என்று இன்னொரு பொருள் கிளம்புகிறது. போரேனுக்கு ஆல்க்கீனில் ஒட்ட யாருடைய உதவியும் வேண்டாம், அதுதான் வேலையைச் செய்கிறது. கோபால்ட் ஓரமாக நின்றுகொண்டிருக்கிறது. ஜுமானாவுக்கு வராததற்கும் அதுதான் காரணம். அவள் அந்தக் காரத்தைப் போடுவதில்லை. காரம் இல்லையென்றால் போரேன் இல்லை.

கட்டுரை எழுதியபோது இது எனக்குத் தெரியாது. அதற்கு நான் பொறுப்பில்லை.

வைவா முடியட்டும். பட்டம் கையில் வந்ததும் நானே சொல்லிவிடுவேன். இரண்டு மாதத்தில் யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது?

பிப்ரவரி 24

ஜுமானாவுக்கு நோன்பு தொடங்கிவிட்டது. தண்ணீர்கூடக் குடிக்காமல் பகல் முழுக்க நிற்கிறாள்.

இன்று கேட்டாள்: "அக்கா, கோபால்ட்டே போடாம ஒரு குழாய் வச்சிப் பாக்கட்டுமா? எல்லாத்தையும் அடியில இருந்து பாத்துருவோமே."

"அதெல்லாம் நான் பண்ணிட்டேன். நீ எதுக்கு அதுல நாளை வீணாக்குதே?"

"சரிக்கா," என்று போய்விட்டாள். என் பேச்சை அப்படியே நம்பிவிடுகிறாள். கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம்.

மார்ச் 11

வைவா முடிந்தது. இனி நான் டாக்டர் கோமதி.

அம்மா பட்டுப்புடவையில் முன்வரிசையில் இருந்தாள். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள், ரோடியம் என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. தேர்வாளர் அந்தக் கேள்வியை மேடையிலும் கேட்டார். "செய்தோம் சார், விளைபொருள் வரவில்லை," என்றேன். குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சமோசாவும் டீயும் ஏற்பாடு செய்தது ஜுமானா. நோன்போடு தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனாள். என்னிடம் வந்து, "இன்னும் ஒண்ணு எடுங்கக்கா, காலைல இருந்து நீங்களும் நோன்புதான்," என்று சிரித்தாள். எடுத்தேன். கழிப்பறைக்குப் போய்த் துப்பினேன்.

மார்ச் 27

ஜுமானாவின் ஆய்வுக் குழு இன்று கூடியது. ஜூனியரிலிருந்து சீனியர் உதவித்தொகைக்கு உயர்த்தவில்லை. ஜூலையில் மறுபடி பார்ப்பார்களாம். அதற்குள் ஒரு வினையாவது நடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பதிவையே ரத்துசெய்யச் சொல்வார்களாம். 'செய்முறைத் திறன் போதாது' என்று சார் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே நின்றேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். தட்டவில்லை.

ஏப்ரல் 1

"வாப்பா ஒண்ணும் சொல்லலக்கா. இஷ்டமில்லாட்டி வந்துரு தாயின்னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்," என்றாள் ஜுமானா. என் பட்டச் சான்றிதழ் மே மாதம் வருமாம்.

ஏப்ரல் 9

காலை பதினொரு மணி இருக்கும். நான் டிக்கெட் விஷயமாகக் கணினியில் இருந்தேன். உள்ளே ஒரு சத்தம், பெரிதாகக்கூட இல்லை, யாரோ போர்வையை உதறிய மாதிரி.

ஜுமானா டொலுயீன் காய்ச்சும் குடுவையை மறுபடி புதிதாக அமைக்கப்போயிருக்கிறாள். பழைய சோடியத்தை அழிக்க ஆல்கஹால் ஊற்றியிருக்கிறாள். அடியில் ஒரு சோடியக் கட்டி மிச்சம் இருந்து தீப்பிடித்திருக்கிறது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வலது கையிலிருந்து தோள்வரை தீ. துப்பட்டா கழுத்தோடு ஒட்டியிருந்தது. சார்தான் மணல் வாளியைக் கொட்டிக் குடுவையை அணைத்தார். நான் அவளைப் பாதுகாப்பு ஷவரின் கீழே இழுத்தேன். தண்ணீரில் நின்றுகொண்டு, "அக்கா, குடுவை போச்சா?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சார் புலம்பிக்கொண்டே வந்தார். "எதுக்கு இந்தப் பொண்ணு ஓயாம டொலுயீனையே காய்ச்சிக்கிட்டு இருக்கு? யார் சொன்னா இதுக்கு?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 11

முன்கையிலும் கழுத்திலும் ஆழமான காயம். தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டும் என்கிறார்கள். உம்மாவும் வாப்பாவும் வந்துவிட்டார்கள். அவள் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருந்ததால பிள்ளை பிழைச்சா," என்றார்கள்.

ஏப்ரல் 14

இன்று சொல்லிவிட்டேன்.

சித்திரை ஒன்று, வார்டில் கூட்டம் இல்லை. உம்மா இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். ஜுமானாவின் கை முழுக்கக் கட்டு. என்னைப் பார்த்ததும், "அக்கா, சார் கோவமா இருக்காங்களா?" என்றாள்.

"ஜுமானா, ஒண்ணு சொல்லணும். தப்பு உன் மேல இல்ல. கோபால்ட் ஒண்ணுமே பண்ணல. காரம் போட்டா போரேன் வருது, அதுதான் எல்லாத்தையும் பண்ணுது. கோபால்ட் போடாமலே எனக்கு வந்துச்சு."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, வெளிச்சம். "அதான் எனக்கு வரலையா! நான் அந்தக் காரத்தையே போடலையே!" என்று எழுந்து உட்காரப் பார்த்தாள். வலியில் முகம் சுளித்தது. பிறகு மெதுவாகத் தலையணையில் சாய்ந்தாள்.

"எப்ப வச்சிப் பாத்தீங்க?"

"பொங்கலுக்கு முன்னாடி."

பார்வையை ஃபேனுக்குத் திருப்பினாள். "டொலுயீன்னு சொன்னீங்களே?"

"ஆமா."

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"ஆமா."

உம்மாவுக்கு எதுவும் புரியவில்லை, இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். ஜுமானா என்னைப் பார்க்காமல் அவர்களிடம், "உம்மா, அக்காவுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, அனுப்பிட்டு வாங்க," என்றாள். உம்மா படி வரைக்கும் வந்து, ஒரு வாழைப்பழத்தை என் கையில் வைத்தார்கள்.

ஏப்ரல் 16

சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். "இப்ப என் முன்னாடி பண்ணு," என்றார்.

அவரே காரத்தை நிறுத்துக் கொடுத்தார். அவரே குழாயைக் குலுக்கினார். மத்தியானம் என்.எம்.ஆர். திரையில் விளைபொருள் வந்தது. "அந்தப் பொண்ணுக்குத் திறன் போதாதுன்னு எழுதிக் கொடுத்தேனே," என்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "நீ போ இப்ப," என்று மட்டும் சொன்னார்.

டொலுயீன் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 30

போன வாரம் சார் கூப்பிட்டார். "யோசிச்சேன். சும்மா விட்டுடலாம்னும் யோசிச்சேன், பொய் சொல்லல. அந்தக் கட்டுரைய நம்பி எங்கயாவது இன்னொரு பொண்ணு இதே மாதிரி நின்னுக்கிட்டு இருப்பா." இதழுக்கு எழுதினோம், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று. பல்கலைக்கழகத்துக்கும் எழுதினோம். என் பட்டத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அந்த இயலை நீக்கிவிட்டு மறுபடி சமர்ப்பிக்கலாமா என்று குழு முடிவுசெய்யும். ஜெர்மனிக்கு நானே எழுதிவிட்டேன். மரியாதையாக, சுருக்கமாகப் பதில் வந்தது.

அம்மாவிடம் பயணம் தள்ளிப்போயிருக்கிறது என்றேன். "யார் மேல தப்பு?" என்றாள். "என் மேலதான்," என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டது இதுதான் முதல் தடவை.

மே 6

ஜுமானாவைப் பார்க்கப் போனேன். தூங்குகிறாள் என்றார்கள். திரைக்குக் கீழே அவள் கால் ஆடிக்கொண்டிருந்தது.

ஜூன் 15

ஜுமானா ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். கையில் இறுக்கமான உறை, கழுத்தில் சிவந்த தழும்பு. விரல்களை முழுதாக மடக்க முடியவில்லை, குழாயை இடது கையால் பிடிக்கிறாள். என்னை 'மேடம்' என்று கூப்பிடுகிறாள்.

தன் ஆய்வை மாற்றிக்கொண்டிருக்கிறாள். கோபால்ட் என்று சொல்லப்படும் வினைகளில் எது உண்மையில் கோபால்ட், எது போரேன் என்று பிரித்துக் காட்டுவது. போரேனைப் பிடித்துவைக்கும் ஓர் அமீனைப் போட்டதும் வினை நின்றுவிட்டது. போரான் என்.எம்.ஆரில் அந்தப் போரேன் நான்கு கூர்களாகப் பிளந்து தெரிந்தது. இதெல்லாம் சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜூன் 26

கைகழுவும் தொட்டியருகே நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். "ஜுமானா, என்னை மன்னிச்சிரு," என்றேன்.

குழாயை மூடினாள். "மன்னிப்பைப் பத்தி எனக்கு இப்ப ஒண்ணும் சொல்லத் தெரியல மேடம். மூணாந்தேதி என் கமிட்டி. நீங்க வந்து சொல்லணும்."

"கட்டுரை வாபஸ் ஆனது அவங்களுக்குத் தெரியுமே."

"கட்டுரையை இல்ல. நான் வந்து கேட்டேன்ல, நீங்க டொலுயீன்னு சொன்னீங்கள்ல, அதை. தீப்பிடிச்சதுக்கு என் கவனக்குறைவுன்னு ஃபைல்ல இருக்கு. அது அப்படியே இருக்கக்கூடாது."

வருகிறேன் என்றேன்.

ஜூலை 3

காலையில் தலைக்குக் குளித்தேன். இஸ்திரி போட்ட சுடிதாரை மறுபடி இஸ்திரி போட்டேன். கமிட்டி பத்து மணிக்கு.

ஜுமானா மேடையேறியதும், "முதல்ல கோமதி மேடம் பேசுவாங்க," என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். எழுந்து சொன்னேன். ஜனவரியில் வைத்த இரண்டு குழாய்கள். தேர்வாளருக்கு எழுதிய பொய். வைவாவில் சொன்ன பொய். அவள் உதவி கேட்டு வந்தபோது டொலுயீன் என்று சொன்னது. கோபால்ட் போடாமல் வைத்துப் பார்க்கட்டுமா என்று அவளே கேட்டபோது தடுத்தது. அவள் அந்தக் குடுவையை அமைத்ததே நான் சொன்னதால்தான் என்பது. சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கடைசி மூன்றும் அவருக்கு இன்றுதான் தெரியும்.

வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர் கேட்டார். "அந்தப் பொண்ணு வந்து கேட்டப்ப, தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான் சார்."

"ஏன்?"

ஆறு வருட உழைப்பு, அம்மா, ஜெர்மனி என்று எவ்வளவோ தயார்செய்து வைத்திருந்தேன். "பயம் சார்," என்றேன்.

அவர் எதையோ குறித்துக்கொண்டார். "ஆக்ஸிடென்ட் ரிப்போர்ட்டைத் திருத்தணும்," என்று சாரிடம் சொன்னார். என்னிடம், "உங்களை விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. இப்ப உட்காருங்க," என்றார்.

இதைச் சொன்னதும் யாராவது கத்துவார்கள் என்றோ, இல்லை என் நெஞ்சு லேசாகும் என்றோ நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஜுமானா இடது கையால் பொத்தானை அழுத்தினாள். திரையில் அவளுடைய போரான் நிறமாலை வந்தது, நான்கு கூர்களோடு. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். அந்த உறுப்பினர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்டார். அவள் தயங்காமல் பதில் சொன்னாள்.

என் குழாய்களுக்குள் இத்தனை வருடம் உண்மையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி வரிசை என்பதால் சில எண்கள் எனக்குத் தெரியவில்லை. முன்னால் இடம் இருந்தது. எழுந்து போகவில்லை.